நயோபியப் பரிவறையும் ஆராய்ச்சிக்கூடங்களின் கூட்டுறவும்

சடப்பொருளின் நுண்ணிய கூறுகளை ஆராயப் புகுந்த பௌதிகவியலார்க்கு இன்றியமையாத கருவியாய் அமைந்தது துணிக்கை ஆர்முடுக்கியாகும். இலத்திரன், புரோத்தன் முதலிய மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளை மின்புலத்தால் உந்தி, அவற்றின் சத்தியைப் படிப்படியாக உயர்த்துவதே அதன் தொழில். இவ்வியந்திரங்கள் கிலோமீற்றர்க் கணக்கில் நீண்டு, தனியொரு நாட்டின் பொருள்வளத்துக்கு அடங்காதனவாக வளர்ந்தமை பலரும் அறிந்ததே. எனினும், அவற்றுட் பலவற்றில் துணிக்கையை உண்மையில் உந்தித் தள்ளுகின்ற உலோகப் பாத்திரம் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமே உடையது. அப்பாத்திரத்தின் உட்சுவரிலே கண்ணுக்குப் புலனாகாத தூசியொன்று படிந்துவிடின், அதனைச் செய்வதற்குச் செலவிட்ட முயற்சி முழுவதும் வீணாகிவிடும். அத்தகைய பாத்திரமொன்றைச் செவ்விதாக ஆக்கக் கற்றுக்கொள்வதற்கு ஐரோப்பா, அமெரிக்கா, யப்பான் ஆகிய நாடுகளின் ஆராய்ச்சிக்கூடங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடி உழைத்தன. எந்த இயந்திரத்துக்காக அவை உழைக்கத் தொடங்கினவோ அவ்வியந்திரம் இன்றுவரை கட்டப்படவில்லை என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

1908 ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் இலைடன் நகரிலே கமர்லிங் ஓன்னசு என்பார் ஈலிய வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கினார். அதன் பயனாகக் கிடைத்த கடுங்குளிரில் உலோகங்களின் மின்றடையை அளந்து வந்தபோது, 1911 ஆம் ஆண்டில், இரசத்தின் தடை 4.2 கெல்வின் வெப்பநிலையில் திடீரென மறைந்துபோவதைக் கண்டார். இப்பண்பே மீகடத்துதிறன் எனப்படும். ஆர்முடுக்கிகளில் இது இருவகையாகப் பயன்படுகின்றது. துணிக்கைகளின் பாதையை வளைக்கின்ற மின்காந்தங்களின் சுருள்களை மீகடத்தியாற் செய்வது ஒருவகை; செனீவாவின் அண்மையிலுள்ள சேர்ண் ஆராய்ச்சிக்கூடத்தின் பெரிய வளையத்தில் இத்தகைய வளைகாந்தங்கள் 1,232 உள்ளன. துணிக்கையை உந்துகின்ற பாத்திரத்தையே மீகடத்தியாற் செய்வது மற்றையது. முன்னையது நேரோட்டத்தைப் பற்றியது. பின்னையது செக்கனுக்குப் பலகோடி முறை திசைமாறும் ஆடலோட்டத்தைப் பற்றியது. பின்னையதே இங்கு ஆராயப்படுவது.

குறித்த ஓர் அதிர்வெண்ணில் மின்காந்த அலைகள் உள்ளே நின்று அதிரும்படி அமைந்த வெற்றுப் பாத்திரத்தைப் பரிவறை என்று கூறலாம். ஊஞ்சலில் இருப்பவனை ஏற்ற தருணத்தில் தள்ளிவிடுவதுபோல, அவ்வலையின் மின்புலம் துணிக்கைகள் அறையைக் கடக்கும் கணத்தில் அவற்றை முன்னோக்கித் தள்ளும். செம்பினாற் செய்த பரிவறையில், ஊட்டப்படும் வலுவின் பெரும்பகுதி சுவரிலேயே வெப்பமாக விரயமாகின்றது. அதனாற் செப்பறைகளை உயர்ந்த மின்புலத்தில் மிகக் குறுகிய துடிப்புக்களாக மட்டுமே இயக்க இயலும். மீகடத்தியாற் செய்த அறையில் இவ்விரயம் இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் கீழே குறைந்துவிடுகின்றது. செக்கனுக்கு ஒருமுறை ஆடும் ஊசலொன்று நயோபியப் பரிவறையின் தரத்தைப் பெற்றிருக்குமாயின், ஒருமுறை தள்ளிவிட்டபின் நூறாண்டு கழிந்தும் அது ஆடிக்கொண்டேயிருக்கும் என்றால், இதன் சிறப்பு விளங்கும்.

தடை மறைந்தபின்னர் சிறிதளவு விரயந்தானும் ஏன் எஞ்சுகின்றது என்னும் ஐயம் மாணாக்கர்க்கு எழுதல் இயல்பே. மீகடத்தியில் இலத்திரன்கள் இரண்டிரண்டாய் இணைந்து தடையின்றி இயங்குகின்றன. நேரோட்டம் முழுவதையும் அவ்விணைகளே தாங்கிவிடும். ஆனால் மின்புலம் விரைந்து திசைமாறும்போது, இணைகளும் தம் சடத்துவத்தாற் சற்றே பின்தங்குகின்றன. அவ்விடைவெளியில் எஞ்சிநிற்கும் புலம், இன்னும் இணையாத சில இலத்திரன்களை அசைத்து வெப்பத்தைப் பிறப்பிக்கின்றது. வெப்பநிலை குறையக் குறைய இணையாதவற்றின் தொகையும் குறையும். இக்காரணத்தாலேயே, 9.2 கெல்வினிலேயே மீகடத்தியாகிவிடும் நயோபியத்தை 2 கெல்வின்வரை குளிரச்செய்கின்றனர். 2 கெல்வினில் ஒரு உவாற்று வெப்பத்தை அகற்றுவதற்கு வெளியே ஏறத்தாழ எழுநூறு எண்ணூறு உவாற்று வலு செலவாகும். ஆதலால் உள்ளே சிந்தும் ஒவ்வொரு உவாற்றும் கணக்கிற் கொள்ளப்படுவதொன்றாகும்.

1965 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சிரான்போட் பல்கலைக்கழகத்தில், ஈயம் பூசிய செப்பறையொன்றில் இலத்திரன்கள் உந்தப்பட்டன. அதன்பின் வந்த ஆண்டுகள் ஏமாற்றம் நிறைந்தனவாயின. தாள்களிற் கணித்த மின்புலத்துக்கும் அளவையிற் கிடைத்த மின்புலத்துக்கும் இடையே மிகுந்த வேறுபாடு காணப்பட்டது. சுவரிலிருந்து வெளிப்பட்ட இலத்திரன்கள் எதிர்ச்சுவரில் மோதி மேலும் பலவற்றை வெளியேற்றிப் பெருகியமை முதல் இடையூறு. அறையின் சுவரை உருண்டையாகவும் நீள்வளையமாகவும் வளைத்தால் இப்பெருக்கம் தானே தணியும் என்பதை 1970களின் இறுதியையொட்டி ஐரோப்பிய ஆய்வாளர் கண்டபின்னர் அது நீங்கியது. ஆயினும், 1990 ஆம் ஆண்டளவில் இயங்கிய நயோபியப் பரிவறைகள் மீற்றரொன்றுக்கு 5 மெகா உவோற்று, அதாவது ஐம்பது இலட்சம் உவோற்று, என்னும் அளவிலேயே நின்றன.

இவ்வளவு போதாது என்னும் நிலை ஏன் எழுந்தது? இலத்திரன்களை வட்டப்பாதையிற் செலுத்தினால், அவை வளையுந்தோறும் ஒளியை வீசிச் சத்தியை இழக்கின்றன. சத்தி இருமடங்கானால் இழப்போ பதினாறு மடங்காகும். சேர்ணின் 27 கிலோமீற்றர் வளையத்திலே இலத்திரனையும் அதன் எதிர்த்துணிக்கையாகிய பொசித்திரனையும் மோதவிட்ட ஆர்முடுக்கி, 2000 ஆம் ஆண்டில் 20,900 கோடி இலத்திரன் உவோற்றை எட்டியதோடு தன் பணியை முடித்துக்கொண்டது. அதனிலும் மேற்செல்ல வேண்டுமாயின் நேர்கோட்டிலேயே உந்தவேண்டும். நேர்கோட்டில் ஒவ்வொரு துணிக்கையும் ஒவ்வோர் அறையையும் ஒருமுறையே கடக்கின்றது. எனவே, மீற்றரொன்றுக்கு எத்தனை உவோற்று என்பதே இயந்திரத்தின் நீளத்தையும் விலையையும் நிச்சயிக்கின்றது.

யேர்மனியின் அம்பேர்க்கு நகரிலுள்ள டெசி ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்தவரும், 1993 முதல் அதன் இயக்குநராய் இருந்தவருமான பியோர்ண் வீக் என்னும் நோர்வே நாட்டு அறிஞர், நயோபியத்தாலேயே இதனைச் சாதிக்கலாம் என்று துணிந்தார். 1990 இல் அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகத்திற் கூடிய அறிஞர்கள் இக்கருத்தை ஆராய்ந்தனர். அதன்பின் தெசுலா எனப் பெயரிய கூட்டுறவு உருவாயிற்று. அதன் நோக்கம் வெளிப்படையாகவே கூறப்பட்டது. மின்புலம் ஐந்து மடங்கு உயர்ந்து 25 மெகா உவோற்றை எட்டவேண்டும். அறையின் நீளத்துக்கான செலவு நான்கிலொன்றாய்க் குறையவேண்டும். இரண்டும் கைகூடின், உவோற்றொன்றின் விலை இருபதிலொன்றாகும். செப்பறைகளை நம்பியிருந்தோர் இதனைப் பகற்கனவாக நோக்கியதில் வியப்பில்லை. குளிராக்கும் செலவும், பழைய ஏமாற்றங்களும் அவர்கள் பக்கமே சாட்சி கூறின.

கூட்டுறவின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. பணத்தை ஒரு பொதுப்பெட்டியில் இட்டுப் பங்கிடாமல், ஒவ்வோர் ஆராய்ச்சிக்கூடமும் தனக்குக் கைவந்த பொருளைச் செய்து கொண்டுவந்தது. அம்பேர்க்கில் அமைந்த சோதனை ஆர்முடுக்கிக்கு, பரிவறைகளைக் குளிரில் வைத்திருக்கும் குளிர்கலங்களை இத்தாலியின் மிலான் குழுவினர் வகுத்தனர். முதல் இலத்திரன் ஊட்டி பிரான்சின் ஓர்சே, சக்லே என்னும் இடங்களிலிருந்து வந்தது; வலுவை உட்செலுத்தும் இணைப்பிகளும், பின்னர் ஒளியால் இலத்திரனைப் பிறப்பிக்கும் ஊட்டியும் அமெரிக்காவின் பெர்மி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்தன. காலப்போக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட நிலையங்கள் இதிற் சேர்ந்தன. எல்லாவற்றிலும் மேலானது, ஒவ்வொரு பரிவறையின் பிறப்பு முதற்கொண்டு அதன் சோதனை முடிவுகள் யாவும் பொதுப் பதிவிற் சேர்க்கப்பட்டு, வெற்றியோடு தோல்வியும் எல்லோர்க்கும் தெரியவந்தமையேயாகும்.

பரிவறையை ஆக்கும் முறை கூறுதற்கு எளிது, செய்தற்கு அரிது. மூன்று மில்லிமீற்றருக்குச் சற்றே குறைந்த தடிப்புள்ள நயோபியத் தகட்டைக் கிண்ணம்போல அழுத்தி எடுப்பர். இரு கிண்ணங்களை வாயோடு வாய் பொருத்தி, வெற்றிடத்தினுள்ளே இலத்திரன் கற்றையால் உருக்கி ஒட்டினால் ஓர் அறையாகும். இவ்வாறு ஒன்பது அறைகள், கோத்த மணிகள்போல ஒரே அச்சில் நிற்கும். அதன் அதிர்வெண் செக்கனுக்கு 130 கோடி.

தோல்விகள் முதலில் உலோகத்திலேயே மறைந்திருந்தன. மீகடத்தி மின்னை எவ்வளவு செவ்வனே கடத்துகின்றதோ, வெப்பத்தை அவ்வளவு செவ்வனே கடத்துவதில்லை என்பது இயற்கையின் ஒரு குறும்பு. இணைந்த இலத்திரன்கள் வெப்பத்தைச் சுமப்பதில்லை. ஆகையால் உட்சுவரில் ஒரு சிறு குறை சூடேறினால், அச்சூடு அயலிலே பரவி, அவ்விடம் மீகடத்தும் பண்பை இழந்து, ஒரு நொடிக்குள் அறையிலுள்ள சத்தி முழுவதும் அழிந்துபோகும். சரியாக இயங்காத அறையொன்றை ஆராய்ந்தபோது, அதன் தகட்டினுள் மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு அளவான தந்தாலத் துணுக்கொன்று காணப்பட்டது. முதற்றொகுதியில் வேறு சில அறைகள், பொருத்துவாய்களைச் செவ்வையாகத் துப்புரவு செய்யாது ஒட்டியமையால் 10 முதல் 15 மெகா உவோற்றில் நின்றுவிட்டன. இவற்றுக்குப் பரிகாரமாக, தகடுகள் ஒவ்வொன்றையும் சுழியோட்டத்தால் வருடி மறைந்த துணுக்குக்களைக் கண்டு விலக்கும் முறை டெசியில் ஏற்பட்டது. நயோபியத்தை வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் உருக்கித் தூய்மையாக்கும் முறையும் ஆலைகளில் முன்னேறியது.

உலோகம் தூயதானபின் எதிரியாய் நின்றது தூசி. கூரிய தூசியொன்றின் முனையில் மின்புலம் பன்மடங்கு செறிந்து, சுவரிலிருந்து இலத்திரன்களை இழுத்தெடுக்கும். அவை அறையினுள் ஓடி, வலுவை உறிஞ்சி, சுவரைச் சுட்டு, எக்சுக் கதிரைப் பரப்பும். ஏறத்தாழ நூறு வளிமண்டல அழுக்கத்தில் மிகத் தூய நீரைப் பீச்சி உட்சுவரைக் கழுவும் முறை சேர்ணிலும் அமெரிக்காவின் செபர்சன் ஆராய்ச்சிக்கூடத்திலும் வளர்ந்து, விரைவில் எல்லோர்க்கும் பொதுவாயிற்று. கழுவிய அறை தூசியற்ற கூடத்திலே, தலைமுதல் கால்வரை மூடிய ஆடையணிந்தோரால் மாத்திரம் திறக்கப்படும். ஒரு திருகாணியை முறுக்கும்போதும் துகள்கள் உதிரும் என்பதால், ஒவ்வோர் ஆணியின்மீதும் நைதரசனை ஊதி, உதிரும் துகள்களைக் கருவியால் எண்ணியே அதனைப் பயன்படுத்துவர். இத்தனைக்கும் அங்கு வேகமாக நடப்பதுகூடக் குற்றம்!

இவ்வழிகளால், 1997 இல் அம்பேர்க்கின் முதற் குளிர்கலம் கற்றையை உந்தியபோது, சராசரி மின்புலம் பழைய அளவின் மும்மடங்கைத் தாண்டியது. எனினும், 25 ஐக் கடந்து செல்வதில் ஒரு புதிர் தோன்றியது. இக்கூட்டுறவின் பயனை வேறெதனினும் தெளிவாகக் காட்டுவது அப்புதிர் விடுவிக்கப்பட்ட விதமே.

ஐரோப்பாவிலே அறைகளின் உட்சுவர் அமிலக் கலவையாற் கரைக்கப்பட்டது. பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குவது போன்ற இம்முறை அழுக்கை நீக்குமேயன்றி, உலோக மணிகளின் எல்லைகளிற் சிறு படிகளை விட்டுச்செல்லும். யப்பானின் கெக் ஆராய்ச்சிக்கூடத்தினர், 1970களில் யேர்மனியில் முதலில் ஆராயப்பட்ட மின்மெருகு முறையைக் கைக்கொண்டு வந்தனர். சல்பூரிக்கமிலமும் ஐதரோபுளோரிக்கமிலமும் கலந்த திரவத்தில் அறையையே நேர்முனையாக்கி ஓட்டத்தைச் செலுத்தினால், மேடுகள் முதலிற் கரைந்து சுவர் கண்ணாடிபோல் ஆகும். இவ்வாறு செய்த அறைகள் ஐரோப்பிய அறைகளை விஞ்சின என்று கெக் ஆய்வாளர் அறிவித்தபோது, அச்சிறப்பு மெருகினாலேயே வந்ததா என்பதிற் பலர்க்கு ஐயம் இருந்தது. ஐரோப்பிய அறைகளில், வெப்பமும் தூசியும் காரணமாகாத நிலையிலும், குறித்ததொரு புலத்துக்கு அப்பால் விரயம் திடீரெனப் பெருகுவது வழக்கமாயிருந்தது.

1998 இல் சக்லேயைச் சேர்ந்த பேர்ணார் விசந்தின் என்பார், வெற்றிடமாக்கிய அறையை 120 சதமபாகையளவில் இரண்டு நாட்கள்வரை சூடாக்கி வைத்தால் அவ்விரயம் பெரிதும் தணிவதைக் கண்டார். உலோகத்தை உருமாற்றும் சூடு இதுவன்று. அடுப்பங்கரையிற் காணும் சூடேயாகும். இதன்பின்பு சேர்ண், டெசி, சக்லே குழுவினர் ஓரறைப் பாத்திரங்களை மின்மெருகிட்டுச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. மின்மெருகிட்ட அறைகளும், சூடாக்காதவழி அதே விரயத்தைக் காட்டின. சூடாக்கியபின் அது நீங்கி 40 மெகா உவோற்றை அண்மின. கெக் நிலையத்திலோ, கழுவிய அறையை உலர்த்தும் பொருட்டு மெல்லச் சூடாக்குவது நெடுநாளைய வழக்கமாக இருந்துவந்தது. தம் வெற்றியின் ஒருபாதி அவ்வழக்கத்தில் அடங்கியிருந்ததை அவர்கள் அறிந்திலர். வெறுஞ்சூட்டால் முழுப்பயன் பெறாத ஐரோப்பியரோ மறுபாதியாகிய மெருகை அறிந்திலர். இருசாராரும் தத்தம் நாட்டிலேயே இருந்து தத்தம் முறையே சரியென வாதிட்டிருப்பின், இவ்விரு பாதிகளும் ஒன்றுசேர எத்தனை ஆண்டு சென்றிருக்குமோ! பின்னர் அம்பேர்க்கின் ஒன்பதறைப் பாத்திரங்கள் யப்பானுக்கு அனுப்பப்பெற்று, அங்கு மெருகிடப்பெற்று மீண்டன. 2004 ஆம் ஆண்டளவில் அவற்றுட் சில 35 மெகா உவோற்றை எட்டின.

இவ்வெற்றியைக் காண வீக் உயிருடன் இல்லை. 1999 பெப்ரவரியில், விபத்தொன்றில், அவர் காலமானார். அவர் கருதிய 33 கிலோமீற்றர் இயந்திரத்தின் விரிவான திட்டம் 2001 இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 21,000 பரிவறைகளால் 50,000 கோடி இலத்திரன் உவோற்றைப் பெறுவது அத்திட்டம். 2003 இல் யேர்மன் அரசாங்கம் அதன் ஒரு பகுதியாகிய எக்சுக்கதிர் இலேசரை மட்டும் ஐரோப்பிய நாடுகளுடன் சேர்ந்து அமைக்க இசைந்து, மோதுகருவியை மேற்கொள்ளாது விடுத்தது. அடுத்த ஆண்டு ஓகத்தில், பரி பாரிசு என்பாரின் தலைமையில் அமைந்த சர்வதேசக் குழு, செப்பறையா நயோபிய அறையா என்னும் நெடுநாள் வழக்கைத் தீர்த்து, எதிர்கால மோதுகருவி நயோபியத்தாலேயே ஆகவேண்டும் என்று விதந்துரைத்தது. வழக்கில் வெற்றி கிடைத்தது; கருவி எழவில்லை. யப்பானில் அதனை அமைப்பது குறித்துப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடந்தும், முடிவு ஏற்படவில்லை.

ஆயினும் பரிவறை தன் பயணத்தை நிறுத்தவில்லை. அம்பேர்க்கிலிருந்து நிலத்தடியில் 3.4 கிலோமீற்றர் நீளுகின்ற ஐரோப்பிய எக்சுக்கதிர் இலேசர் 2017 செத்தெம்பரிற் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு வேண்டிய எண்ணூறு பரிவறைகளை யேர்மனியிலும் இத்தாலியிலும் இரு தொழிற்சாலைகள் செய்தன. சக்லேயில் அவை எட்டெட்டாய்க் குளிர்கலங்களிற் கோக்கப்பட்டன. போலந்தின் கிராக்கோவிலிருந்து வந்த குழுவினர் அம்பேர்க்கில் ஒவ்வொன்றையும் சோதித்தனர். வாரம் ஒரு கலம் என்னும் ஒழுங்கில் வேலை நடந்தது. ஒரு காலத்தில் மேதைகளின் கைவண்ணமாயிருந்தது தொழிலாளர் செய்யும் தொழிலாயிற்று, திட்டமிட்ட 23.6 மெகா உவோற்றையும் அறைகளின் சராசரி விஞ்சிற்று. அங்கு இலத்திரன்கள் 1,750 கோடி இலத்திரன் உவோற்றுவரை உந்தப்படுகின்றன.

அமெரிக்காவில் வேறொரு தேவை பிறந்தது. கலிபோர்னியாவிலுள்ள சிலாக் ஆராய்ச்சிக்கூடத்தின் புதிய இலேசர் செக்கனுக்குப் பத்து இலட்சம் துடிப்புக்களைத் தரவேண்டியிருந்தது. அதற்கு அறைகள் இடைவிடாது இயங்கவேண்டும். ஆகவே, புலத்தின் உயர்விலும் விரயத்தின் குறைவே பெரிதாயிற்று. பெர்மி ஆராய்ச்சிக்கூடத்தில் அன்னா கிராசெல்லீனோ என்னும் ஆய்வாளர், நயோபியத்தின்மீது நைதரைட்டுப் படையொன்றை வளர்க்க முயன்றார். வளர்ந்த படை பயன்படவில்லை. அதனைச் சில மைக்கிரோமீற்றர் ஆழத்துக்கு மெருகிட்டு அகற்றியபோது, எஞ்சிய உலோகம் முன் எவரும் கண்டிராத தரத்தைக் காட்டியது. உள்ளே ஊறிய சிறிதளவு நைதரசனே அதற்குக் காரணமாயிற்று. 2013 இல் வெளியான இம்முடிவை கோர்ணல், செபர்சன் நிலையங்கள் தம் அறைகளிலும் செய்துபார்த்து உறுதிப்படுத்தின. கூடவே அதன் குறையும் வெளிப்பட்டது. நைதரசன் ஊறிய அறை புவிக்காந்தத்தை எளிதிற் சிறைப்பிடித்து அதனால் விரயத்தைக் கூட்டிக்கொள்ளும். நன்கு காந்தமறைப்பிட்டு, விரைந்து குளிரச்செய்தால் அக்குறை நீங்கும் என்பதும் அறியப்பட்டது. பெர்மி, செபர்சன் ஆகிய இரு கூடங்களும் குளிர்கலங்களைச் செய்து கலிபோர்னியாவுக்கு அனுப்பின.

அனுப்புவதும் ஒரு கலையாயிற்று. மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தெருப்பயணத்தின் அதிர்வினால், தொடக்கத்தில் அனுப்பிய கலமொன்றின் துருத்திக்குழாய் களைப்புற்று வெடித்து, உள்ளே வளி புகுந்தது. துகள் துகளாய் எண்ணிக் காத்த தூய்மை அப்பயணத்திலே கெட்டது. குழாய்களை அசையாது பிணிக்கும் முறை வகுக்கப்பட்டபின்னரே ஏனையவை பாதுகாப்பாய்ச் சென்றன. 2023 செத்தெம்பரில் அவ்விலேசர் தன் முதற் கதிரைத் தந்தது. அதன் 37 குளிர்கலங்களில் நிற்கும் பரிவறைகள், வீக்கின் மோதுகருவிக்கென வரையப்பட்ட அதே ஒன்பதறை வடிவினவே.

பெர்மி ஆராய்ச்சிக்கூடத்தில் இப்பொழுது அமைந்துவரும் புரோத்தன் ஆர்முடுக்கி 80 கோடி இலத்திரன் உவோற்றை நோக்கியது. அதற்கான நயோபிய அறைகளிலும் ஏனைய உறுப்புக்களிலும் இந்தியா, இத்தாலி, பிரான்சு, பிரித்தானியா, போலந்து என்பன பங்குகொள்கின்றன. அறைகளின் வடிவம் வேறு, ஆனால் தகட்டைத் தேர்தல் முதல் தூசியை எண்ணுதல் வரையுள்ள ஒழுங்கு பழையதே. சில குளிர்கலங்கள் அத்திலாந்திக்கு மாகடலைக் கடந்து வரவேண்டியிருப்பதால், கலிபோர்னியப் பயணம் கற்பித்ததை மறவாது, மெய்யான கலங்களை ஏற்றுமுன்னர் மாதிரிக் கலமொன்று அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, மீண்டும் வருவித்துச் சோதிக்கப்பட்டது.